வாசல் காய்ந்தால் மலையும் காயும்
வறட்சிக் காலத்தில் லயத்தைச் சுற்றியுள்ள பசுமையும் பிரதேச சபையின் பொறுப்பும்

மாசி, பங்குனி மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். லயத்து வாசலில் இருந்த புல் மஞ்சளாகிக் கிடக்கும். குரோட்டன் இலை சுருண்டிருக்கும். தை மாதம் வரை பூத்த டேலியா தண்டோடு கருகி நிற்கும். பீலிக்கரையில் குடங்கள் வரிசையாக இருக்கும். பீலியில் தண்ணி விரல் பருமனுக்கு ஒழுகும்.

அப்படி ஒரு நாளில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். வாசலில் செடி கொடி வளர்ப்பது பற்றிப் பேசத்தான் போனோம். கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஐயா, குடிக்கவே தண்ணி இல்ல. இந்தக் குரோட்டனுக்கு எங்க போயி ஊத்துறது?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வாசலில் உள்ள பசுமை அழகுக்காக மட்டும் இருப்பதல்ல. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்தான். ஊற்றுக்கு மேலே உள்ள மரந்தான் பீலியில் தண்ணி வரச் செய்கிறது. மத்தியான வெயிலில் தகரக் கூரையின் சூட்டைக் குறைப்பது பக்கத்து மரத்தின் நிழல். இவை காய்ந்து போனால் நட்டம் நமக்குத்தான்.

வறட்சி எப்போது வருகிறது?

மலையகம் முழுவதற்கும் வறட்சி ஒரே நேரத்தில் வருவதில்லை. மேற்குச் சரிவில் உள்ள தோட்டங்களுக்கு வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கிடைக்கிறது. அவர்களுக்குக் காய்ச்சல் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து ஊவாத் தோட்டங்களுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவத்தோடு வருகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே கச்சான் காற்று வீசும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் வருகிறது என்பார்கள். அதே காற்றுத்தான் வாசலில் உள்ள மரக்கறிப் பாத்தியையும் நாலு நாளில் சருகாக்கிவிடுகிறது.

வருடா வருடம் வரும் இந்தக் காய்ச்சல் சில வருடங்களில் எல்லை மீறிப் போகும். 1992 ஐ மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1991 இல் சுமார் 24 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 1992 இல் சுமார் 18 கோடி கிலோவாக விழுந்தது. அதற்குக் கடும் வறட்சி ஒரு முக்கிய காரணம். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும் என்பதை நாம் யாருக்கும் படித்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 கடைசியிலும் 2017 இலும் நாடு முழுவதும் மறுபடி நீண்ட வறட்சி வந்தது.

எது முதலில் சாகிறது? ஏன்?

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய விதைத் தேயிலையையும் வீ.பீ. தேயிலையையும் நினைத்துப் பாருங்கள். விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். கிளைத்துண்டில் வளர்த்த வீ.பீ. செடிக்கு அப்படிப்பட்ட ஆணிவேர் இல்லை. வேர் அதிகமாக மேல் மண்ணில்தான் பரவும். அதனால் கடும் வெயிலில் அது முதலில் வாடுகிறது.

வாசலிலும் இதே கதைதான். குரோட்டன், செம்பரத்தை, ரோசா எல்லாம் கிளை ஒடித்து நட்டவை. புல்லின் வேர் சில அங்குலம்தான். ஆனால் விதை போட்டு வளர்ந்த ஆனைக்கொய்யா மரம் மூன்று நாலு வருடம் தாண்டிவிட்டால் தானே தண்ணி தேடிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புல் மஞ்சளாகிவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணியில்லாத காலத்தில் புல் மேலே காய்ந்து, அடியில் உயிரோடு தூங்கும். மழை வந்ததும் தளிர்க்கும். அதற்குள் நாம் என்ன செய்கிறோம்? “காஞ்சு போச்சு, அசிங்கமா இருக்கு” என்று மம்பட்டியால் செதுக்கி எறிகிறோம். அல்லது நெருப்பு வைக்கிறோம். வெயில் கொல்லாத புல்லை நாமே கொன்றுவிடுகிறோம்.

காய்ந்த மண்ணில் முதல் மழை

செதுக்கிக் கூட்டி, காலால் மிதித்து இறுகிப்போன மண், மழைத் தண்ணியை உள்ளே விடாது. நீண்ட நாள் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தால் தண்ணி மேலாகவே ஓடும். ஓடும்போது மேல் மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் கானில் போடும். கான் அடைபடும். அடைபட்ட கானிலிருந்து தண்ணி லயத்துச் சுவரடிக்குப் பாயும். வறட்சியின் நட்டத்தில் பாதி, மழை வந்த பிறகுதான் தெரிய வருகிறது.

மலையக மக்களுக்கு மண்சரிவு பற்றிச் சொல்லும்போது வார்த்தை தடுமாறுகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த அழிவையும் நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட பெரிய சரிவுகளை வாசல் புல் தடுத்துவிடாது. அவற்றுக்கு மலையின் அமைப்பு, தண்ணி வடியும் வழி, மழையின் அளவு என்று பல காரணம் உண்டு. நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று, திடீரென்று கலங்கிய தண்ணி — இவற்றைக் கண்டால் செடியைப் பற்றி யோசிக்காமல் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

ஆனால் சின்னச் சின்ன மண்மேடு சரிவதையும், மண் கழுவப்படுவதையும், கான் அடைபடுவதையும் வேருள்ள நிலம் நிச்சயமாகக் குறைக்கும். புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி பெற்றவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 177 சதுர மீற்றர். மலையை வெட்டிச் சமன் செய்த இடத்தில் நல்ல மேல் மண் ஏற்கெனவே போயிருக்கும். வெட்டிய மேட்டின் ஓரத்தில் புல்லோ வெட்டிவேரோ பிடிக்க வைப்பதற்கு முன்னால் பூச்சாடி வாங்க வேண்டாம்.

தண்ணி இல்லாமல் என்ன செய்யலாம்?

அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். குடிதண்ணியை எடுத்துக் குரோட்டனுக்கு ஊற்றுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். செய்யக்கூடியவை வேறு உண்டு.

1. மூடாக்குப் போடுங்கள். புதுக்கன்று நட்ட மலையில் மானாப்புல் வெட்டிப் போடுகிறோமே, அதே வேலைதான். செடியைச் சுற்றி மூன்று நாலு அங்குலத்துக்குக் காய்ந்த புல்லோ சருகோ போடுங்கள். தண்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். தொட்டால் தண்டு அழுகும். இதை மழை நிற்பதற்கு முன்னாலேயே, மண் ஈரமாக இருக்கும்போது செய்ய வேண்டும். காய்ந்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான்.

2. கழுவின தண்ணியை வீணாக்காதீர்கள். அரிசி, மரக்கறி கழுவின தண்ணி எந்தச் செடிக்கும் நல்லது. சவர்க்காரத் தண்ணியை வாழைக்கும் மரத்துக்கும் ஊற்றலாம். கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் ஊற்ற வேண்டாம். பின்னேரம் வெயில் இறங்கிய பிறகு ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, மூன்று நாளைக்கு ஒருமுறை அடி வேர் நனைய ஊற்றுவது மேல்.

3. கூரைத் தண்ணியைச் சேருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணி. 5 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உள்ள கூரை என்றால் 30 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 300 லீற்றர். சிந்துவது போக 24 வாளித் தண்ணியாவது மிஞ்சும். பீப்பாயை நன்றாக மூடி வையுங்கள். மூடாத தண்ணியில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

4. எதைக் காப்பாற்றுவது என்று வரிசைப்படுத்துங்கள். முதலில் இரண்டு வயதுக்குக் குறைந்த மரக்கன்று. அடுத்தது மரக்கறி. பிறகுதான் பூச்செடி. புல்லுக்கு ஊற்றவே வேண்டாம். அது தானே தளிர்க்கும்.

5. வெயில் காலத்தில் நிலத்தைக் கொத்தாதீர்கள், செதுக்காதீர்கள், குப்பைக்கு நெருப்பு வைக்காதீர்கள். காய்ந்த மானாப்புல்லில் ஒரு பொறி விழுந்தால் காற்று அதை அடுத்த மலைக்குக் கொண்டு போய்விடும்.

6. மரம் நடுவதற்குக் காலம் பாருங்கள். மேற்குச் சரிவில் மே, ஜூன் மழையோடு நடுங்கள். ஊவாவில் ஒக்டோபர், நவம்பரில் நடுங்கள். விழாவுக்கு வசதியான திகதியில் நட்ட கன்று, படம் எடுத்த பிறகு யாரும் பாராமல் காய்ந்து போவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

ஊற்றுத் தலையைக் காப்பதும் முக்கியம். நமது பல தோட்டங்களுக்குத் தண்ணி மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. அந்த ஊற்றுக்குக் கிட்ட டர்பன்டைன் மரம் நெருக்கமாக நின்றால், வேகமாக வளரும் அந்த மரம் தண்ணியையும் வேகமாக உறிஞ்சும். ஊற்றைச் சுற்றி உள்ளூர்க் காட்டு மரமும் பற்றையும் இருப்பதே நல்லது. விறகுக்கு ஊற்றடிப் பற்றையை வெட்டுவது நமது குடத்தை நாமே கவிழ்ப்பது போல.

சபை நமக்கும் உரியது

இதுவரை சொன்னவை வீட்டார் செய்யக்கூடியவை. ஆனால் பொதுக் கானைத் துப்புரவாக்குவது, குப்பை அகற்றுவது, பாதையோரத்தில் மரம் நட்டுப் பராமரிப்பது, பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பாதுகாப்பது — இதையெல்லாம் ஒரு குடும்பம் செய்ய முடியாது. கிராமத்தில் இவற்றைப் பிரதேச சபை செய்கிறது. தோட்டத்தில் ஏன் செய்யவில்லை?

1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு இதற்குத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்தோம், நமது பிள்ளைகள் உறுப்பினர்களாகவும் வந்தார்கள், ஆனால் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கப் போனால் “அது தோட்டக் காணி” என்ற பதில் வந்தது. தோட்டத்தில் கேட்டால் “அது சபை வேலை” என்றார்கள். இடையில் கான் அடைபட்டே கிடந்தது.

2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளிலும் பிரதேச சபை வேலை செய்ய வழி திறந்தது. அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டாக இருந்த பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து இயங்கத் தொடங்கின. அம்பகமுவ என்று இருந்தது அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா என்று இருந்தது நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்றும் ஆயின. சபை மக்களுக்குக் கிட்ட வந்தது.

பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனதால் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பிறகு மறுபடி தவிசாளரும் உறுப்பினர்களும் வந்தார்கள். ஆகவே கேட்பதற்கு ஆள் இருக்கிறார். கேட்கும் வேலை நம்முடையது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் திருத்தப்பட்டதும் எல்லாம் தானாக நடந்துவிடாது. காணி பெரும்பாலும் குத்தகையில் கம்பெனிகளின் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால் நிர்வாகத்தின் சம்மதம் எழுத்தில் இருந்தால் சபையில் வேலை சுலபமாக நகரும். சபைக்கும் பணம் கொஞ்சந்தான். கேட்காத தோட்டத்துக்கு அதில் பங்கு வராது.

எப்படிக் கேட்பது?

தனியாகப் போய்ச் சொன்னால் “பாப்போம்” என்பார்கள். எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். கீழ்க்கண்ட முறையைப் பின்பற்றுங்கள்.

முதலாவது, லயத்துக்கு ஒருவராவது சேர்ந்து கூட்டம் போடுங்கள். அதில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணி எங்கே குறைகிறது, எந்தக் கான் அடைபடுகிறது என்று அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, ஒன்று அல்லது இரண்டு வேலையை மட்டும் தெரிவு செய்யுங்கள். பத்து வேலை எழுதினால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, காலம் பார்த்துக் கொடுங்கள். அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை வருடக் கடைசியில் நிறைவேற்றுகிறது. ஓகஸ்ட், செப்டெம்பரில் கடிதம் போய்ச் சேர வேண்டும். மார்ச் மாதத்தில் காய்ந்த பிறகு ஓடினால், பணம் ஒதுக்கி முடிந்திருக்கும்.

நாலாவது, கடிதத்தின் பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“கௌரவ தவிசாளர் அவர்கட்கு, எமது தோட்டத்தின் மேற்பிரிவில் 4 லயங்களில் வசிக்கும் நாம் அறியத் தருவதாவது: லயங்களுக்குப் பின்னாலுள்ள பொதுக் கான் மண் நிறைந்து அடைபட்டுள்ளது. மேட்டு ஓரத்தில் புல் காய்ந்து மண் கழுவப்படுகிறது. கானைத் துப்புரவாக்கி, மேட்டு ஓரத்தில் வெட்டிவேர் நடுவதற்கு அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். நடும் வேலைக்கு எமது ஆட்களைத் தருவோம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.”

பதில் வராவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். “எமது கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? எமது வட்டாரத்துக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது?” என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சண்டை பிடிப்பதற்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. கோப்பு எங்கே தூங்குகிறது என்று தெரிந்தால் அதை எழுப்புவது சுலபம்.

கடைசியாக

அன்று அந்த அக்காவின் வாசலிலிருந்து புறப்படும்போது அவருடைய குரோட்டனைச் சுற்றி நாங்களும் பிள்ளைகளுமாகக் காய்ந்த மானாப்புல்லைப் போட்டுவிட்டு வந்தோம். மே மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது குரோட்டன் இரண்டு செத்துப்போயிருந்தன, மூன்று தளிர்த்திருந்தன. “மூணு பொழச்சிருச்சி ஐயா. ஆனா கான் அப்படியேதான் கெடக்கு” என்றார் அவர்.

அந்த இரண்டு வசனத்திலும் நாம் சொல்ல வந்தது முழுதும் இருக்கிறது. செடியைப் பிழைக்க வைக்க ஒரு கைப்பிடி புல்லும் கொஞ்சம் கவனமும் போதும். அது நமது வேலை. கான் அப்படியே கிடப்பது நமது குற்றமல்ல. ஆனால் அதைக் கேட்காமல் விடுவது நமது குற்றம். அடுத்த வறட்சி எப்படியும் வரும். அது வருவதற்கு முன்னால் மூடாக்கைப் போட்டு வைப்போம். கடிதத்தையும் எழுதிக் கொடுத்து வைப்போம்.